கொட்டாமல் விட்ட முதல் தட்டு

ஆய்வகத்தில் ஈ வளர்க்க வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி எதுவும் மிச்சமில்லை. பாடம் நடத்தியே ஓய்வுபெற்ற ஆளிடம் மற்றதெல்லாம் உண்டு: முழங்கால் வலி, கண்புரை, யாரும் வாங்கிக்கொள்ள வராத ஒரு பெட்டி கண்ணாடிக் குடுவைகள். ஆனாலும் உங்கள் துறைத் தலைவர் விடாமல் ஃபோன் செய்கிறார். "பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம், புதுசா வந்திருக்குதுங்க" என்கிறார். மறுத்து மறுத்து எனக்கே அலுத்துவிட்டது. ஒன்று மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆய்வு மாணவியாக இருந்தேன். எங்களுக்கு ஒரே ஒரு குளிர் அறை. அதன் ஏ.சி. ஓடும்போது பக்கத்து வகுப்பில் பாடம் காதில் விழாது. வேதியியல் துறை கழித்துக் கட்டிய ஒரு தராசு, கேமரா மாட்டக்கூடிய ஒரு நுண்ணோக்கி, பழ ஈக்கள். இவ்வளவுதான் ஆய்வகம். ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சியவர் ஆய்வக உதவியாளர் சண்முகம் அண்ணாச்சி. சோள மாவும் அகரும் உடன்குடிக் கருப்பட்டியும் போட்டு அவர் கிண்டும்போது தாழ்வாரம் முழுக்க மணக்கும். முதலாமாண்டுப் பிள்ளைகள் ஏதோ விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் வழிகாட்டியை 'சார்' என்று மட்டும் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். அவர் அப்பா காலத்திலேயே வயல்கள் கைமாறிவிட்டன. வாழ்நாள் முழுக்க பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குத் தவளை அறுக்கக் கற்றுக்கொடுத்தவர். ஆராய்ச்சி என்பது ஐம்பது வயதுக்குமேல் அவருக்கு வந்த ஆசை. அந்த வயதில் வரும் ஆசை ஆளைப் படுத்திவிடும். காலையில் எனக்கு முன்னால் வந்து ஈக் குடுவைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்கோபக்காரர். ஆனால் கோபம் போனதும் வந்து, "என்னம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்பார். அதுதான் அவருடைய மன்னிப்பு.

எங்கள் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈயின் முட்டையில் கரு வளர ஆரம்பிக்கும்போது, அதன் சொந்த மரபணுக்கள் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. முதல் இரண்டு மணி நேரக் காரியம் எல்லாம் அம்மா ஈ முன்கூட்டியே முட்டைக்குள் வைத்துவிட்டுப் போன தூது ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டுதான் நடக்கிறது. ஆய்வகத்தில் நாங்கள் 'மெசேஜ்' என்றே சொல்வோம். அதில் ஒன்று முட்டையின் முன்முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை எங்கே வர வேண்டும் என்று தீர்மானிப்பது அதிலிருந்து உண்டாகும் புரதம்தான். வேலை முடிந்ததும் அந்த மெசேஜ் அழிக்கப்பட வேண்டும். வைத்த இடமும் முக்கியம், அழிகிற நேரமும் முக்கியம். அது இருக்கிற இடம் ஊதாவாகத் தெரியும்படி முட்டைக்கு நிறமேற்றி, படம் எடுப்பது என் வேலை.

கேள்வியைச் சார்தான் கேட்டார். "நம்ம ஊரு வெயில்ல அம்மா ஈ கொஞ்ச நேரம் வாடுச்சுன்னா, அது முட்டைல வச்ச மெசேஜ் என்ன ஆகும்?" நல்ல கேள்விதான். மதியம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அம்மா ஈக்களை வெளி அறையில் வைப்பேன். கத்திரி வெயிலில் அந்த அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு குளிர் அறைக்குக் கொண்டுவந்து, முட்டையிடத் தட்டு வைப்பேன். அரை மணிக்கு ஒரு தட்டு. ஆக, தட்டில் கிடப்பது எதுவும் அரை மணிக்கு மேல் வயதாகாத முட்டை.

இங்கேதான் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள்: முதல் தட்டைக் கொட்டிவிட வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் அம்மா ஈ முட்டையை இடாமல் வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும்போதே கரு வளர ஆரம்பித்துவிடும். அப்படிப் பிடித்து வைத்ததெல்லாம் முதல் தட்டில் வந்து விழும். பார்க்கப் புது முட்டை மாதிரி இருக்கும். வயது மட்டும் யாருக்கும் தெரியாது.

இது எனக்கும் தெரியும். குளிரில் இருந்த ஈக்களுக்கு ஒழுங்காக முதல் தட்டைக் கொட்டினேன். வெயிலில் வாடிய ஈக்கள் அவ்வளவாக முட்டையிடாது. இரண்டாம் தட்டில் பத்து, மூன்றாம் தட்டில் ஏழு என்று பிச்சை போட்ட மாதிரி இடும். முதல் தட்டில் மட்டும் நூற்றுக்கணக்கில் கிடக்கும். நாள் முழுக்கப் பாடுபட்டுவிட்டு அதைக் கழுவித் தொட்டியில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

சண்முகம் அண்ணாச்சி கேட்கத்தான் செய்தார். "ஏம்மா, மொத தட்டக் கொட்டலியா?"

"இல்ல அண்ணாச்சி. இதுலதான் முட்டை இருக்கு."

"இருந்தாலும் கொட்டணும்னுதான சார்வாள் சொல்லுவாவ?"

"சார்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைக்கவும் இல்லை. அன்றைக்கு மறந்தேன், மறுநாள் பழகிவிட்டது. முதல் தட்டில் ஏன் இவ்வளவு முட்டை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். முந்நூறு ஈக்கள் ஆளுக்கு ஒன்று பிடித்து வைத்திருந்தால் முந்நூறு முட்டை. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. கிடைத்த சந்தோஷத்தில் யார் கணக்குப் போடுகிறார்கள்?

முடிவு பிரமாதமாக வந்தது. குளிரில் இருந்த அம்மாக்களின் முட்டைகளில் முன்முனை ஊதாப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது. வெயிலில் இருந்தவர்களின் முட்டைகள் பலவற்றில் ஊதா மங்கியிருந்தது, சிலவற்றில் அடியோடு இல்லை. வெயில் பட்ட அம்மாவின் மெசேஜ் நேரத்துக்கு முன்பே அழிந்துவிடுகிறது! சில முட்டைகள் கோணல்மாணலாக மடிப்பு விழுந்து இருந்தன. வெயிலில் கெட்டுப்போனவை என்று ஒதுக்கினேன். உண்மையில் அவை கெட்டுப்போகவில்லை. எல்லாவற்றையும்விட வயதானவை, அந்த வயதில் கரு தானாகவே மடியத் தொடங்கும். அப்போது அதுவும் எனக்கு வெயிலின் சாட்சியாகவே பட்டது.

சார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குளு குளுன்னு இருக்கிற நாட்டுல உக்காந்துக்கிட்டு இத எவனும் பாத்திருக்க முடியாதும்மா. இது நம்ம வெயில் குடுத்தது." ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. ஒரு நல்ல ஆய்வுப் பத்திரிகையில் அவர் பெயரோடு ஒரு கட்டுரை. அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். எனக்கு அதை வைத்து முனைவர் பட்டம். உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு தீர்ந்துவிடும். எங்கள் அப்பா, "பிள்ள படிப்ப முடிக்கட்டும்" என்று இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

கட்டுரைக்குப் படங்களை அச்சிட ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போவேன். கல்யாணப் படங்களுக்குப் பேர்போன இடம். கண்ணாடிப் பெட்டி நிறைய மாலையும் கழுத்துமாக ஜோடிகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நடுவில் என் ஈ முட்டைகள் காயும். ஊதா இருப்பது முன்பாதியில்தானே என்று, முன்பாதியை மட்டும் பெரிதாக்கி, பின்பாதியை வெட்டிவிடும்படி எப்போதும் சொல்லுவேன். கட்டுரை முடியும் தறுவாயில் ஒரு சனிக்கிழமை போனபோது, ஸ்டுடியோ அண்ணாச்சி முழுப் படங்களாகவே எடுத்து நீட்டினார்.

"தங்கச்சி, பாதிய வெட்டச் சொன்னிய. நாந்தான் வெட்டல. கோவிச்சிக்கிடாதிய."

"ஏன் அண்ணாச்சி?"

"இங்கன பாருங்க, பின்னால. முத்து கோத்த மாதிரி உருண்ட உருண்டையா அழகா இருக்கு. இத எப்படி வெட்டுதது? ஆனா இந்த வரிசைப் படத்துலதான் முத்து இருக்கு, அந்த வரிசைல ஒண்ணுலயும் இல்ல. எல்லாம் ஒரே வயசுப் பிள்ளைங்கன்னு சொன்னியளே. ஒண்ணுக்குப் பல்லு மொளச்சிருக்கு, ஒண்ணுக்கு மொளைக்கலயே?"

அவர் சிரித்தார். நான் படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அந்த முத்துகள் என்ன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கருவின் பின்முனையில் முதலில் உருவாகும் செல்கள். முட்டையிட்டு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகாமல் அவை தலைகாட்டாது. அரை மணி முட்டையில் அவை இருக்க வழியே இல்லை. அவற்றைத் தாங்கி நின்றவை எல்லாம் வெயில் ஈக்களின் முட்டைகள். மெசேஜ் முன்கூட்டியே அழியவில்லை. அழிய வேண்டிய வயதில் ஒழுங்காக அழிந்திருக்கிறது. எங்களுக்கு வெயில் எதையும் கொடுக்கவில்லை. நான் கொட்டாமல் விட்ட தட்டு கொடுத்தது அது. அத்தனை மாதமும் நாங்கள் எல்லோரும் தலைப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படங்களை உறையில் போட்டு, பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டும்போதே எனக்குச் சந்தேகம் ஒன்றும் மிச்சமில்லை. என்ன நடந்தது என்று முழுசாகத் தெரியும். இதை அழுத்திச் சொல்கிறேன். 'நிச்சயமாகத் தெரியவில்லை, சோதித்துப் பார்க்கலாம்' என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது பச்சைப் பொய்.

சோதிப்பதும் ஒன்றும் பெரிய காரியமில்லை. நிறமேற்ற வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். வெயில் ஈக்களின் முதல் தட்டு முட்டையையும் இரண்டாம் தட்டு முட்டையையும் ஒரு சொட்டு எண்ணெயில் போட்டுப் பின்முனையைப் பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. திங்கட்கிழமை ஈக்கள் வாடலாக இருக்கின்றன என்று விட்டேன். செவ்வாய் கரண்ட் இல்லை. புதன் தலைவலி. வியாழக்கிழமை சார் கட்டுரையைக் கடைசியாக வாசிக்கச் சொன்னார், இரண்டு பேருமாக உட்கார்ந்து அரைப்புள்ளி கால்புள்ளி பார்த்தோம். பழைய பாதிப் படங்கள் கைவசம் இருந்தன. அவற்றையே கட்டுரையில் ஒட்டினேன். முழுப் படங்கள் என் மேஜை இழுப்பறையில், ஈ இனங்களின் பதிவேட்டுக்கு அடியில் கிடந்தன.

அந்த நாட்களில் நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். நன்றாகச் சாப்பிட்டேன். தப்பு செய்துகொண்டிருக்கும்போது பசிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு மாதிரி அசதி மட்டும் இருந்தது. எதைத் தொட்டாலும் கை கனத்தது. யாராவது, எங்கேயாவது, பத்திரிகைக்காரர்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

அடுத்த வாரத் திங்கட்கிழமை, ஸ்டுடியோவுக்குப் போய் ஒன்பதாம் நாள், சார் கட்டுரையை அனுப்பத் தலைமைத் தபாலாபீசுக்குக் கிளம்பினார். "வாம்மா, ஒனக்கும்தான இதுல பங்கு" என்று என்னையும் கூப்பிட்டார். சைக்கிளை விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மடியில் உறையை வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். தபாலாபீசில் அவர் ரசீது எழுதும்போது உறைக்கு நான் கோந்து தடவி ஒட்டினேன். வெளியே வந்ததும் எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார். "இனிம பயல்வ நம்மளத் தவளை வாத்தியார்னு சொல்ல மாட்டானுவ" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சர்பத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

புதன்கிழமை மதியம் அந்த அரை மணி வேலையைச் செய்தேன். ஞானம் ஒன்றும் பிறக்கவில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். முதல் தட்டு முட்டைகளில் முத்துகள் இருந்தன. இரண்டாம் தட்டில், அதே அம்மாக்கள் இட்ட முட்டைகளில், ஒன்றில்கூட இல்லை. இழுப்பறையிலிருந்து படங்களை எடுத்துக்கொண்டு போய், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சாரின் மேஜையில் வைத்தேன். முதல் தட்டைக் கொட்டவில்லை என்பதையும் சொன்னேன்.

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு உருப்பெருக்கியை எடுத்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"இதுகள எப்பப் பாத்த?"

"போன வாரத்துக்கு முந்துன சனிக்கிழமை, சார்."

"நாம தபாலாபீசுக்குப் போனோமே. அதுக்கு முன்னாலயா?"

"ஆமா சார்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பைய எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றார். "தட்டு விசயத்த விடு. அது யாருக்கும் வரும். நானே கேட்டிருக்கணும், கேக்கல. ஆனா அன்னைக்கு பஸ்ல பூரா என்கூடப் பேசிட்டு வந்தியேம்மா" என்றார். பிறகு, "நீ வீட்டுக்குப் போ" என்றார்.

மறுநாள் அவர் கல்லூரிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார், சவரம் செய்யாமல். கையில் ஒரு தாள். பத்திரிகை ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கைப்பட எழுதிய கடிதம். தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், முட்டைகளின் வயதைச் சரிபார்க்காதது முழுக்கத் தன் கவனக்குறைவு என்றும் எழுதியிருந்தார். என் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் ஒரு வரி: இந்தப் பிழை என் மாணவியின் கண்ணில் பட்டது, பட்டவுடனே என்னிடம் வந்து சொன்னாள்.

என் கை நின்றுவிட்டது.

"சார், உடனே சொல்லலியே நான்."

"தெரியும். அடி."

"பொய்யாயிருமே சார்."

"எனக்கு இன்னும் நாலு மாசம். ஒனக்கு முப்பது வருசம் கெடக்கு. வம்பு பண்ணாம அடிம்மா." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். சாப்பிட்டியா என்று அன்றைக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அடித்தேன்.

சார் கட்டுரை எதுவும் இல்லாமலே ஓய்வுபெற்றார். வழியனுப்பு விழாவில் தவளையை வைத்துத்தான் எல்லோரும் வேடிக்கையாகப் பேசினார்கள். அவரும் சிரித்தார். நான் வேறொரு சின்ன விஷயத்தை எடுத்து, இழுத்துப் பறித்து, இரண்டு வருஷம் கழித்துப் பட்டம் வாங்கினேன்.

அப்போது நம் நாட்டில் ஈ வளர்த்தவர்கள் எல்லோரும் ஒரு பந்தியில் அடங்கிவிடுவார்கள். கடிதத்தைப் படித்த பத்திரிகை ஆசிரியர் அதைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு வேலை கிடைத்த நேர்முகத் தேர்வில் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் இருந்தார். என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "தன் ஆய்வே கெட்டாலும் பரவாயில்லை என்று தப்பைக் கண்டதும் போய்ச் சொன்ன பெண் நீங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு கேள்வி கேட்கவில்லை. அந்த வேலையில்தான் நான் இத்தனை வருஷமும் இருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்ல, ஓய்வுபெற்று அம்பாசமுத்திரம் போயிருந்த சாருக்குக் கடிதம் எழுதினேன். வாழ்த்துகள் என்று ஒரு கார்டு வந்தது. நேரில் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம், பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் என்ன தூரம்? ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போகலாம் என்றிருந்தேன். அவர் காலமான செய்தியும் தபாலில்தான் வந்தது.

உங்கள் கையில் இது வரும்போது என்னைப் பற்றி அந்தக் கதையைத்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள். துறைத் தலைவர் எல்லா வருஷமும் அதைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். நானும் எல்லா வருஷமும் மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நான் உடனே சொல்லவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. அதில் ஒன்பதாம் நாள் அவருக்கு முன்னால் நின்று அந்த உறையை ஒட்டியது நான்.